மூலை இல்லாத ஆமை

தந்தையின் செவியருகே வாய் வைத்துப் பொருள் உரைத்த பிள்ளைக் குருவே, சுவாமிமலையில் அறுபது படிகளுக்கு மேல் அமர்ந்தருளும் குமரா, உன் திருவடியை முதலில் தொழுகிறோம். மூத்தவர் இளையவர் முன் கைகட்டி நின்று கேட்பது இழுக்கன்று என்று உலகுக்குக் காட்டியவன் நீ. சொல்லப்போகும் சொல்லில் குற்றம் நேராமல் காத்தருள்வாயாக.

அந்த மலைக்கோயிலின் மணியோசை காற்றில் வந்து சேரும் தொலைவில் ஒரு பொறியியல் கல்லூரி இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை, தை பிறந்ததும், அதன் உள்விளையாட்டு அரங்கில் பள்ளிப் பிள்ளைகளின் ரோபோ போட்டி நடக்கும். நாற்பது பள்ளிகள் வரும். தாங்களே செய்த ரோபோவைத் தள்ளுவண்டியில் வைத்துத் தேர்போல் இழுத்து வருவார்கள்.

ஆட்டம் எளியது. இந்தப் பக்கம் மூன்று ரோபோ, அந்தப் பக்கம் மூன்று. களமெங்கும் பச்சை ரப்பர் பந்துகள். பொறுக்கித் தன் கூடையில் போட வேண்டும். ஐம்பது கிலோ எடையுள்ள ஆறு இயந்திரங்கள் ஒரே களத்தில் பந்துக்குப் பாய்ந்தால் மோதாமல் இருக்குமா? மோதும். ஆதலால் ஒவ்வொன்றும் பலகைமேல் நுரைக்குழல் வைத்துத் துணி போர்த்திய பம்பரை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் களம் புக வேண்டும். போட்டியின் விதிநூலில் பம்பருக்கென்றே பன்னிரண்டு விதிகள் இருந்தன.

அந்தப் பன்னிரண்டையும் ஓதுவார் பதிகம் பாடுவதுபோல் அட்சரம் பிசகாமல் சொல்ல வல்லவர் ஒருவர் இருந்தார். பெயர் சோமாஸ்கந்தர். வயது ஐம்பத்தாறு. எடை அளவைத் துறையில் இருபத்தாறு ஆண்டுகள் தராசுக்கும் படிக்கும் முத்திரை இட்டவர். விருப்ப ஓய்வு பெற்றபின், ஊதியம் வாங்காத ஆய்வாளராக இந்தப் போட்டிக்கு வந்து சேர்ந்தார்.

அவருடைய குரு மங்கையர்க்கரசி. வயது முப்பத்தைந்து. கரூரில் பேருந்துக்குக் கூடு கட்டும் பட்டறையில் வரைபடப் பொறியாளர். போட்டிக்குத் தலைமை ஆய்வாளர். கழுத்தில் ஒரு சின்ன டார்ச் தொங்கும். வாயிலிருந்து சொற்கள் எண்ணித்தான் வரும்.

மகள் வயதுப் பெண்ணை அவர் குருவாகக் கொண்டது முதல் ஆண்டில் நடந்தது. அன்று பம்பர் உயரத்தை அளக்கும் வேலை அவருக்கு. காலை முதல் ஒன்பது ரோபோக்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒன்பதிலும் பம்பர் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. பிள்ளைகள் முகம் வாடி நின்றார்கள். மங்கையர்க்கரசி வந்தார். மேசையைப் பார்த்தார். அதன்மேல் கனத்த ரப்பர் பாய் விரித்திருந்தது. ரோபோவின் சக்கரங்கள் அதில் அமிழ்ந்திருந்தன.

“ஐயா, தரை எங்கே?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவ்வளவுதான். சோமாஸ்கந்தர் அந்த ஒன்பது குழுக்களையும் தேடிப்போய் அழைத்து வந்து, ரோபோவைத் தரையில் இறக்கி அளந்து, ஒன்பதுக்கும் பச்சைச் சீட்டு ஒட்டினார். அன்று மாலை வீட்டுக்குப் போய், “எனக்கு ஒரு குரு கிடைத்துவிட்டார்” என்று மனைவியிடம் சொன்னார்.

இது மூன்றாம் ஆண்டு. பம்பர் ஆய்வு மேசை முழுவதையும் மங்கையர்க்கரசி அவர் பொறுப்பில் விட்டிருந்தார். துணைக்கு ஆளில்லை. மேலொப்பம் தேவையில்லை. அவர் ஒட்டும் பச்சைச் சீட்டே முடிவு. சோமாஸ்கந்தர் அன்று காலை கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்து, நெற்றி நிறைய நீறு பூசி, எஃகு அளவுகோலைத் துடைத்து மேசைமேல் வைத்தபோது, முதன்முதலாக முத்திரை கையில் வாங்கிய நாளின் பெருமிதம் நெஞ்சில் நிறைந்திருந்தது.

பத்து மணிக்கு அதிராம்பட்டினத்திலிருந்து ஒரு பெண்கள் பள்ளிக் குழு வந்து நின்றது. நால்வரும் முதல்முறை வருகிறவர்கள். விடியுமுன்னே பேருந்து ஏறியவர்கள். தலைவி ஜுலைகா, படகு இன்ஜின் மெக்கானிக்கின் மகள். அவளுக்கு வலக்கை கயற்கண்ணி. எட்டு மாதம், சனி ஞாயிறு பாராமல் அவர்கள் செய்த ரோபோவுக்கு ஆமை என்று பெயர்.

ஆமை வட்டமாக இருந்தது.

சோமாஸ்கந்தர் மூன்றாண்டில் வட்ட ரோபோவைக் கண்டதில்லை. எல்லாம் சதுரம், அல்லது நீள்சதுரம்.

“ஏம்மா வட்டமா செஞ்சீங்க?”

“யாரும் மடக்கித் தள்ள முடியாது சார். இடிச்சா வழுக்கிட்டுப் போயிரும்,” என்றாள் ஜுலைகா. சொல்லும்போதே தோள் ஓர் அங்குலம் உயர்ந்தது.

சுற்றிலும் நீலத் துணி போர்த்த பம்பர். தையல் நேர்த்தி. ஆனால் முன்பக்கம் ஐம்பது சென்டிமீட்டர் அகலத்துக்குப் பம்பர் இல்லை. அது ஆமையின் வாய். பந்து ஏறி உள்ளே போவதற்காக அங்கே தரையை ஒட்டி ஓர் இரும்புத் தகடு உதடுபோல் வளைந்து முன்நீட்டி நின்றது.

சோமாஸ்கந்தர் விரலை நீட்டினார். “இங்க ஏன் பம்பர் இல்ல?”

“ஏழாவது விதி சார்.”

அவருக்கே விதி எண் சொல்கிறாள். அவர் புருவம் உயர்ந்தது. “ஏழாவது விதி என்ன சொல்லுது?”

ஜுலைகா ஒப்பித்தாள். “ஒவ்வொரு வெளிமூலையின் இருபுறமும் குறைந்தது பதினைந்து சென்டிமீட்டர் நீளத்துக்குப் பம்பர் இருத்தல் வேண்டும். மூலைகளுக்கு இடைப்பட்ட பகுதியைத் திறந்து விடலாம். எங்க ஆமைக்கு மூலையே இல்ல சார். அதனால எங்க வேணா திறந்து விடலாம். நாங்க பெருந்தன்மையா வாயை மட்டும்தான் விட்டிருக்கோம்.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சோமாஸ்கந்தர் சிரிக்கவில்லை. கண்ணை மூடினார். பன்னிரண்டு விதிகளும் உள்ளே ஓடின. கண்ணைத் திறந்தபோது விடை கிடைத்திருந்தது. அந்த விடையின் கூர்மையில் அவருக்கே ஒரு மகிழ்ச்சி.

“வட்டம்னா என்னம்மா? எண்ணிக்கையில்லாத சின்னச் சின்ன மூலைகள் சேர்ந்ததுதான் வட்டம். அப்படின்னா உங்க ஆமைக்கு உடம்பெல்லாம் மூலை. எங்கயும் திறந்து விடக்கூடாது.”

“சார், தோசைக்கு எத்தனை மூலை சார்?”

இம்முறை அரங்கின் பாதி சிரித்தது.

“தோசை போட்டிக்கு வரல,” என்றார் சோமாஸ்கந்தர். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் அவர் காதுமடல் சிவந்துவிட்டது. சிவப்புச் சீட்டை எடுத்தார். ‘காரணம்: உடல் முழுவதும் மூலை. வாய் மூடப்பட வேண்டும்’ என்று அழகிய கையெழுத்தில் எழுதி, ஆமையின் முதுகில் ஒட்டினார்.

கயற்கண்ணி அதைப் படித்தாள். “வாயை மூடினா பந்து எப்படி சார் உள்ள போகும்? ஆமை பட்டினி கெடந்து செத்துரும்.”

“ஒரு மணிக்குப் பட்டியல் மூடிடும்மா. அதுக்குள்ள சரி பண்ணிட்டு வாங்க. இல்லைன்னா அடுத்த வருஷம்.”

“நாங்க பன்னெண்டாவது சார்,” என்றாள் ஜுலைகா. “எங்களுக்கு அடுத்த வருஷம் கெடையாது.”

தள்ளுவண்டி திரும்பிப் போயிற்று. அதன் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டது. வரிசை அடுத்த ரோபோவை முன்னே தள்ளியது. சோமாஸ்கந்தர் அளவுகோலை எடுத்தார். எண் கண்ணில் ஏறவில்லை. ‘ஐந்து நிமிடம்’ என்று அட்டை வைத்துவிட்டு எழுந்தார்.

மங்கையர்க்கரசி அரங்கின் மறுகோடியில் ஒரு ரோபோவின் வயிற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, ஒரு சந்தேகம்.”

“சொல்லுங்க ஐயா.”

“வட்டத்துக்கு மூலை உண்டா, இல்லையா?”

அவர் நடந்ததை முழுவதும் கேட்டார். டார்ச்சை அணைத்தார். “ஷூவைக் கழட்டுங்க ஐயா,” என்றார்.

“அம்மா?”

“சாக்ஸையும்.”

சோமாஸ்கந்தர் கழற்றினார். மங்கையர்க்கரசி அவரைப் பயிற்சிக் களத்துக்கு அழைத்துப்போய் நடுவே நிறுத்தினார். வெறுங்காலில் அரங்கின் தரை சில்லென்றிருந்தது. அதிராம்பட்டினத்துப் பெண்கள் ஆமையோடு வரவழைக்கப்பட்டார்கள். சுற்றிலும் கூட்டம் கூடிற்று.

“யாரும்மா ஓட்டுறது?”

“நான்தான் மேடம்,” என்றாள் ஜுலைகா. கையில் ஓட்டுகருவி.

“ஐயா கால்ல கொண்டு வந்து மோது. நடக்குற வேகத்துல பாதி வேகம்.”

“சார் கால்லயா?”

“ஆமா. முதல்ல பின்பக்கம்.”

ஆமை பின்பக்கமாக நகர்ந்து வந்தது. ஐம்பது கிலோ வருகிறது என்று சோமாஸ்கந்தர் கணுக்காலை இறுக்கிக்கொண்டார். வந்து தொட்டபோது, யாரோ ஒரு தலையணையைக் காலருகே நகர்த்தி வைத்ததுபோல் இருந்தது. இடப்பக்கம் வந்தது. தலையணை. வலப்பக்கம் வந்தது. தலையணை. கூட்டத்தில் யாரோ, “சாருக்குத் தூக்கம் வந்துரும்,” என்றான்.

“இப்ப முன்பக்கம்,” என்றார் மங்கையர்க்கரசி.

ஆமை திரும்பிற்று. வாய் திறந்திருந்தது. அரம் போட்டுத் தீட்டிய இரும்பு உதடு விளக்கொளியில் பளிச்சிட்டது. நகர்ந்து வந்தது. இரண்டு சாண். ஒரு சாண்.

நின்றுவிட்டது.

“வா,” என்றார் மங்கையர்க்கரசி.

ஆமை அசையவில்லை. ஜுலைகாவின் கட்டைவிரல் ஓட்டுகருவியின் பிடியிலிருந்து எழும்பி நின்றது.

“ஏன் நிறுத்திட்ட?”

“தகடு மேடம்.”

“இருந்தா என்ன? உன் கணக்குப்படி அங்க மூலை இல்ல. பம்பர் வேணாம். எந்த விதி உன்னை நிறுத்திச்சு?”

ஜுலைகா அந்த வெறுங்காலைப் பார்த்தாள்.

“விதி இல்ல மேடம்,” என்றாள். “சார் கால்.”

மங்கையர்க்கரசி தலையசைத்தார். பிறகு சோமாஸ்கந்தர் பக்கம் திரும்பினார். தம் தீர்ப்பு நிலைத்தது என்று எண்ணியவர் நிமிர்ந்து நின்றார்.

“உங்க கணக்குப்படி இதுக்கு உடம்பெல்லாம் மூலை. வாயை மூடணும். மூடினா உங்க கால் பிழைச்சுக்கும் ஐயா. ஆமை?”

சோமாஸ்கந்தர் விதிகளை மனத்துள் ஓட்டிப் பார்த்தார். பன்னிரண்டில் எதுவும் உதவிக்கு வரவில்லை.

“மணி பத்தே முக்கால்,” என்று சொல்லிவிட்டு மங்கையர்க்கரசி டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சோமாஸ்கந்தர் வெறுங்காலோடு நின்றார். எதிரே ஆமை, ஒரு சாண் தள்ளி. அதன் முதுகில் அவருடைய அழகிய கையெழுத்து. அவர் குனிந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். தாம் எழுதியதை ஒரே கோடாக அடித்தார். அதன் கீழே எழுதி, எழுதியதைக் கூட்டத்துக்கெல்லாம் கேட்கும்படி வாசித்தார்.

“காரணம்: முன் தகடு பிறர்மேல் படும். முதலில் எழுதிய விளக்கம் ஆய்வாளரின் பிழை. சோமாஸ்கந்தன்.”

ஜுலைகா அவரையே பார்த்தாள். ஒரு பெரியவர் தம் பிழையைக் கையொப்பமிட்டு ஒப்புக்கொண்டதை அவள் அதற்குமுன் கண்டதில்லை.

“என் தோசையும் தப்புதான் சார்,” என்றாள் மெதுவாக.

“அதை நான் எழுத மாட்டேன்,” என்றார் அவர்.

அதன்பின் அவர் தம் மேசைக்குப் போனார். ஆனால் ஒவ்வொரு ரோபோவுக்கும் இடையில் எழுந்து ஆமையிருக்கும் இடத்துக்கு ஒருமுறை நடந்தார். ஆய்வாளர் எந்த ரோபோமேலும் கருவி வைக்கக்கூடாது என்பது அங்கே வழக்கம். அவர் கைகளை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டு நின்றார். “கை வைக்க மாட்டேன். கேட்டா பதில் சொல்லலாம்,” என்றார்.

கயற்கண்ணி சாக்பீஸால் தரையில் ஒரு வட்டம் போட்டாள். முன்பக்கத்தை நேர்கோடு ஒன்றால் வெட்டினாள்.

“தகட்டை இப்படி நேரா அறுத்துட்டா? உதடு உள்ள போயிரும்.”

“அறுத்தா ரெண்டு மூலை வந்துருமேடி,” என்றாள் ஜுலைகா.

“வரட்டும். மூலை வந்தா மூலைக்கான விதி இருக்குல்ல? இந்தப் பக்கம் பதினஞ்சு, அந்தப் பக்கம் பதினஞ்சு. நடுவுல திறந்துக்கலாம்.”

“வாய் எவ்வளவு மிஞ்சும்?”

“ஐம்பதுல முப்பது போனா இருபது.”

“பந்து பதினெட்டு.”

இருவரும் ஒரே நேரத்தில் சோமாஸ்கந்தரை நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவர் அந்தச் சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார். ஏழாவது விதியை அவர் நூறு தடவை ஒப்பித்திருப்பார். அது இப்படித் தரையில் விரிந்து இடம் கொடுப்பதை இன்றுதான் கண்டார். “முடியும்,” என்றார்.

தகட்டை அறுத்தார்கள். ஹாக்ஸா பிளேடு இரண்டு உடைந்தது. புதிதாக இரண்டு பம்பர்த் துண்டுகள் வேண்டும். துணி இருந்தது, நுரைக்குழல் இல்லை. அடுத்த இடத்தில் நாமக்கல் பையன்கள். காலையில் முதலில் சிரித்தவர்கள் அவர்கள்தான். அவர்களின் தலைவன் வேலவேந்தன் ஒரு முழு நுரைக்குழலையும் ஒரு துண்டுப் பலகையையும் கொண்டுவந்து வைத்தான்.

“மீதிதான். வெச்சுக்கங்க. ஆனா ஒண்ணு, முதல் மேட்ச் எங்களோடதான். களத்துல இரக்கம் பார்க்க மாட்டோம்.”

“யாரு கேட்டா?” என்றாள் ஜுலைகா. “நுரைக்கு நன்றி. இரக்கத்தை நீயே வெச்சுக்க.”

பன்னிரண்டே முக்காலுக்கு ஆமை ஆய்வு மேசைக்கு வந்தது. மேசை என்று பெயர்தானே தவிர, சோமாஸ்கந்தர் தரையில்தான் அளப்பார். முழந்தாளிட்டார். உயரம் சரி. எடை சரி. முன்பக்க இடத்துண்டை அளந்தார். பதினைந்து. வலத்துண்டை அளந்தார்.

அளவுகோலை எடுத்து மீண்டும் வைத்தார். கண்ணை அளவுக்கோட்டின் நேரே கொண்டுவந்து பார்த்தார்.

“ரெண்டு மில்லிமீட்டர் குறையுது.”

பெண்கள் குனிந்து அளவுகோலைப் பார்த்தார்கள்.

“சார், ரெண்டு மில்லி சார். ஒரு நகத்தளவு கூட இல்ல.” ஜுலைகாவின் கண் கலங்கிற்று. காலையிலிருந்து கலங்காத கண் அது.

மணி பன்னிரண்டு ஐம்பத்தொன்று. வரிசையில் நின்ற எல்லாரும் அவர் கையையே பார்த்தார்கள். பச்சைச் சீட்டு அவர் பையில் இருந்தது. இரண்டு மில்லிமீட்டரை யாரும் பார்க்கப்போவதில்லை. அவருக்கு மேலே ஒப்பமிட ஆளும் இல்லை.

“பதினைந்துன்னா பதினைந்துதாம்மா,” என்றார் சோமாஸ்கந்தர்.

சொல்லிவிட்டு எழுந்து போகவில்லை. முழந்தாளிட்டபடியே இருந்தார். துண்டின் ஓரத்தை இன்னும் குனிந்து பார்த்தார். துணி, மேளத்தின் தோல்போல் விறைத்திருந்தது.

“துணியைப் பலகையில ஸ்டேப்ளர் பின் போட்டு அடிச்சது யாரு?”

“நான்தான் சார்,” என்றாள் கயற்கண்ணி.

“துணிக்கடையில இழுத்துப் பிடிச்சு அளக்கிறவங்களை இருபத்தாறு வருஷம் பார்த்தவன் நான். நீயும் இழுத்துப் பிடிச்சு அடிச்சிருக்க. உள்ள நுரை மூச்சு முட்டிக் கெடக்கு. ஓரத்துல இருக்கிற ரெண்டு பின்னை எடு. பலகைக்கு வெளியே நுரை எவ்வளவு வரணுமோ, அது தானா வரும். அவசரப்படாதே. எட்டு நிமிஷம் இருக்கு. நான் இங்கயே இருக்கேன்.”

கயற்கண்ணி பின்னை நெம்பினாள். ஒரு பின் வந்தது. இரண்டாவது வழுக்கிற்று. சோமாஸ்கந்தர் தம் கைகளை முதுகுக்குப் பின்னே ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தப் பின்னைத் தாமே எடுத்துவிட அவர் விரல்கள் துடித்ததைப் பின்னால் நின்ற நாமக்கல் பையன்கள் பார்த்தார்கள்.

“மெதுவா,” என்றார். “கொஞ்சம் சாய்ச்சுத் தூக்கு. அப்படித்தான்.”

பின் வந்தது. நுரை, தூங்கி எழுந்த குழந்தைபோல் மெல்லச் சோம்பல் முறித்து வெளியே வந்தது. துணியைத் தளர மடித்துப் புதிதாக இரண்டு பின் அடித்தாள்.

அளவுகோல். பதினைந்து. அதற்கும் மேல் மயிரிழை.

பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்குப் பச்சைச் சீட்டு ஆமையின் முதுகில் ஏறிற்று. அரங்கில் எழுந்த கைதட்டலில் நாமக்கல்காரர்களின் விசில்தான் உரக்கக் கேட்டது. சோமாஸ்கந்தர் எழுந்தார். முழங்கால் இரண்டும் அழுக்கு. கஞ்சிச் சட்டை கசங்கிவிட்டது. காலில் இன்னும் செருப்போ ஷூவோ இல்லை. அரசாங்கம் அவருக்குத் தந்த எந்தப் பாராட்டுத் தாளிலும் இல்லாத ஒரு நிமிர்வு அவர் நடையில் இருந்தது.

இரண்டரை மணிக்கு முதல் ஆட்டம். வேலவேந்தன் சொன்ன சொல் தவறவில்லை. தன் சதுர ரோபோவை முழு வேகத்தில் ஆமையின் முகத்துக்கு நேரே ஓட்டினான். தும் என்று ஓர் ஓசை. இரண்டும் ஒரு முழம் பின்னே போய் நின்றன. சதுரத்தின் சக்கரம் ஒன்றும் நசுங்கவில்லை. ஆமையின் உதட்டிலும் கீறல் இல்லை. மறுகணம் ஆமை வழுக்கி விலகி, அவன் முன்னால் கிடந்த பந்தையே விழுங்கிக்கொண்டு ஓடிற்று.

“அது எங்க நுரைடா!” என்று நாமக்கல் பையன் ஒருவன் பெருமையாகக் கத்தினான், பறிபோனது தங்கள் பந்து என்பதை மறந்து.

அந்த ஆட்டத்தில் ஆமையின் அணி ஒரு பந்தில் தோற்றது. அதன்பின் ஆடிய மூன்றிலும் வென்றது. ஒவ்வொரு வெற்றிக்கும் ஜுலைகா பார்வையாளர் வரிசையைப் பார்க்காமல் ஆய்வு மேசையைப் பார்த்தாள்.

மாலையில் ஆட்டங்கள் ஓய்ந்தன. மங்கையர்க்கரசி எடைத்தட்டின் அருகே, ஏதோ ஒரு ரோபோவிலிருந்து கழற்றிய பம்பரை நிறுத்துக் குறித்துக்கொண்டிருந்தார். சோமாஸ்கந்தர் வந்து நின்றார்.

“அம்மா, ஒண்ணு கேட்கணும்.”

“கேளுங்க ஐயா.”

“காலையில விதியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அது தப்புன்னு என் கால்ல உணர்த்தினீங்க. மத்தியானம் ரெண்டு மில்லிமீட்டருக்காக மறுபடியும் விதியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அந்தப் பொண்ணு அழுதுட்டா. ஆனா அப்ப மனசு உறுத்தல. ரெண்டு தடவையும் நான் நின்னது ஒரே விதியிலதானே? எனக்கு விளங்கலை.”

மங்கையர்க்கரசி எடைத்தட்டிலிருந்த பம்பரை எடுத்து அவர் இரு கைகளிலும் வைத்தார்.

“மெத்துன்னு இருக்கிறது எந்தப் பக்கம் ஐயா?”

சோமாஸ்கந்தர் தடவிப் பார்த்தார். “வெளிப்பக்கம்.”

“கட்டை?”

“நம்ம பக்கம்.”

“விதியையும் அப்படித்தான் மாட்டிக்கணும். காலையில திருப்பி மாட்டியிருந்தீங்க,” என்றார் மங்கையர்க்கரசி. “மத்தியானம் சரியா இருந்துச்சு. தூரத்துல நின்னு பார்த்தேன். எனக்குப் பெருமையா இருந்துச்சு ஐயா.”

சோமாஸ்கந்தர் பம்பரின் மெத்தென்ற பக்கத்தை வெளியே திருப்பிப் பிடித்தார். அதைக் கீழே வைக்கவில்லை.

இதைச் சொன்னவர் நாவும் கேட்டவர் செவியும் குளிர்க. உங்கள் பிள்ளைகள் செய்யும் பொறிகள் பழுதின்றி ஓடுக. உங்கள்மேல் மோத வருவோர் நோகாமலும், நீங்கள் நிலை தளராமலும் இருக்க, மலைமேல் நின்ற அந்தக் குழந்தைக் குரு என்றும் துணை நிற்க.